தூக்குப்போசியில் ஒரு மூச்சு

கரட்டுப்பாளையத்துத் தகன மேடையில் வெள்ளிங்கிரியை எரித்து முடித்துத் தட்டை வெளியே இழுத்தபோது, எலும்பெல்லாம் நொறுங்கி, இடுப்பிலிருந்த வெள்ளி அரைஞாண் உருகி ஒரு சொட்டாக உறைந்து கிடக்க, அவருடைய நுரையீரல் இரண்டும் மட்டும் வேகாமல், வெள்ளை வெளேரென்று, சாம்பலுக்கு நடுவே மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. மேடையைப் பார்த்துக்கொள்ளும் அந்தோணி பொறுப்பான ஆள். கேஸ் பத்தவில்லை போலிருக்கிறது என்று தட்டை மறுபடி உள்ளே தள்ளி, இன்னொரு சிலிண்டரையும் தீர்த்து இழுத்துப் பார்த்தான். அப்போதும் அவை ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தன. அதற்கு மேல் தன் கையில் ஒன்றுமில்லை என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, வேப்பமரத்தடியில் நின்றிருந்த எங்களிடம் சொன்னான்.

"அண்ணா, வெள்ளிங்கிரியண்ணன் இன்னும் முடிக்கலீங்க."

நாங்கள் என்றால் உலை ஆட்கள், வெள்ளிங்கிரியோடு ஒரே ஷிப்டில் வெந்தவர்கள். உள்ளே போய் எட்டிப் பார்த்தோம். எங்கள் மேஸ்திரி காளியண்ணன் குனிந்து தட்டுக்குப் பக்கத்தில் காதை வைத்தார். மூச்சு இறங்கி முடிகிற இடத்தில் மெல்லியதாக ஒரு விசில் சத்தம் வந்தது. வெள்ளிங்கிரிக்குக் கடைசி ஐந்தாறு வருசமாக அந்த விசில் உண்டு. பஸ்ஸில் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தாலும் முன் சீட்டுக்குக் கேட்கும்.

"அவனேதான்" என்றார் காளியண்ணன், நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு. "சட்டியில போட்டா மூச்சு முட்டும். வேற ஏதாச்சும் இருக்குதா பாருங்கப்பா."

கம்பெனி லாக்கரிலிருந்து அன்று காலையில்தான் வெள்ளிங்கிரியின் சாமான்களை எடுத்து வந்திருந்தோம். அதில் அவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சோறு கொண்டுபோன எவர்சில்வர் தூக்குப்போசி இருந்தது. நுரையீரலை இரண்டு கையாலும் அள்ளி அதில் வைத்தார் காளியண்ணன். மூடியை அழுத்திச் சாத்தாமல் சும்மா மேலே வைத்து, தினமும் அவர் மொபெட்டில் மாட்டிக்கொண்டு போன அதே வழியில் திருப்பிக் கொண்டுவந்து, அவருடைய மனைவி மயிலாத்தாளிடம் கொடுத்தோம். மயிலாத்தாள் மூடியைத் திறந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "சாம்பல் ஒட்டியிருக்குது" என்று சொல்லி, முந்தானையால் துடைத்துவிட்டாள்.

ஊர் அதற்கப்புறம் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். தாலி வாங்குகிற சடங்குக்கு சொந்தபந்தம், ஒறம்பரைப் பெண்கள் எல்லாரும் வெள்ளைச் சேலையோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே அலமாரியில் புருசன் மூச்சு விட்டுக்கொண்டிருக்க, வெளியே பெண்டாட்டிக்குத் தாலி வாங்குவது எந்த ஊர் நியாயம் என்று ஒரு பெரியம்மா கேட்டார். காப்பி குடித்துவிட்டு எல்லாரும் வெள்ளைச் சேலையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள். மயிலாத்தாள் அன்றைக்கும் பூ வைத்துக்கொண்டாள், அடுத்த நாளும் வைத்துக்கொண்டாள், ஊரில் ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. ரேசன் கடையில் வெள்ளிங்கிரி பங்கு அரிசி நிற்கவில்லை. கிராம நிர்வாக அலுவலர் வந்து போசிக்குள் எட்டிப் பார்த்து, மூச்சு உள்ளவருக்கு இறப்புச் சான்றிதழ் கொடுத்தால் நாளைக்குத் தன் வேலைக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டுவிட்டு, ஒரு டம்ளர் மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். உள்ளாட்சித் தேர்தலுக்கு நின்ற ஒரு வேட்பாளர், வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பதால், போசியைப் பார்த்தும் ஒரு கும்பிடு போட்டார்.

சிலர் எலுமிச்சம்பழமும் மஞ்சள் துணியும் கொண்டுவந்தார்கள். மயிலாத்தாள் வாசலிலேயே நிறுத்தினாள்.

"சாமி இல்லீங்க. எங்கூட்டுக்காரரு. வேலைக்குப் போயி அலுத்து வந்து கெடக்கறாரு. சத்தம் போடாதீங்க."

அலுத்துத்தான் கிடந்தார். கம்பெனிச் சங்கு ஊதியதும் போசிக்குள் மூச்சு வேகமெடுக்கும், சாப்பாட்டுச் சங்குக்கு இளைப்பாறும், மறுபடி வேகமெடுக்கும், ஷிப்ட் முடிந்தால் நீளமாக, தொய்வாக, விசிலோடு வரும். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்தவரின் மூச்சுப் போல அசமந்தமாக இருக்கும். காற்று புழுதி வாரி அடித்தால் மயிலாத்தாள் ஈரத்துணியை மேலே போர்த்துவாள். புருசன் உயிரோடு இருந்தபோது பேசியதைவிட அதிகமாக இப்போது பேசினாள் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். உயிரோடு இருந்தபோது அவர் இரண்டு ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தார், எப்போது பேசுவது?

அந்தப் போசிக்கு அடியில் மயிலாத்தாள் ஒரு துணியை மடித்து வைத்திருந்தாள். அதைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் கம்பெனிக்குப் பெயர் உண்டு, சொன்னால் என்மேல் ஒரு கேஸ் வரும், இருக்கிற கேஸே போதும். அங்கே இரும்புச் சாமான்களைப் பழுக்கக் காய்ச்சுகிற உலை ஒன்று இருந்தது, யானையே நடந்து உள்ளே போகலாம், அவ்வளவு பெரிய வாய். அந்த வாய்க்குக் கதவு. கதவைச் சுற்றி வெள்ளைக் கயிறு. கதவின் மேல் வெள்ளைத் துணி. எங்கள் கைக்கும் நெஞ்சுக்கும் அதே வெள்ளைத் துணி. நெருப்பில் போட்டாலும் எரியாது. வருசாவருசம் ஆயுத பூசைக்கு உலையை அணைத்து, கழுவி, பொட்டு வைத்து, பழைய துணியைக் கழற்றிப் புதுசு மாட்டுவோம். கழற்றிய துணியைக் கம்பெனியில் துண்டு துண்டாக வெட்டி, பொரிகடலையோடு சேர்த்து ஆளுக்கு ஒன்று கொடுப்பார்கள். உலைத்துணி என்று பெயர். நெருப்பே தின்ன முடியாத துணி வீட்டில் இருந்தால் நல்லது என்று நாங்கள் சண்டை போட்டு வாங்குவோம். வீட்டுப் பெண்கள் அதில் சட்டி இறக்குவார்கள், இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் போடுவார்கள். புதிதாகக் குழந்தை பிறந்த வீட்டில் தொட்டிலுக்குள் விரிப்பார்கள், சூடு அண்டாது, காய்ச்சல் வராது என்று. வெள்ளிங்கிரியின் மகள் கோகிலா பிறந்த வருசம் காளியண்ணன் தன் பங்கையும் அவளுக்கே கொடுத்துவிட்டார். கோகிலா அதன் மேல்தான் குப்புற விழுந்தாள், அதன் மேல்தான் தவழ்ந்தாள், பல் முளைக்கிற காலத்தில் அதன் ஓரத்தைத்தான் கடித்தாள். இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறாள். வாரம் ஒரு முறை வந்து அப்பாவைப் பார்ப்பாள். வரும்போதெல்லாம் லேசாக இருமிக்கொண்டு வருவாள். பனியன் பஞ்சு ஒத்துக்கொள்ளவில்லை என்பாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், எங்கள் வேலைமுறை. உலைக் கதவைத் தூக்கும் முன் மேஸ்திரி, "கதவேய்!" என்று கத்துவார். கத்தியதும் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் அந்த அனல் நெஞ்சுக்குள் இறங்கிவிடும். சாமானை உள்ளே தள்ளி, கதவு கீழே விழுந்து, மேஸ்திரி "சாத்தியாச்சேய்!" என்று கத்தும்வரை யாரும் மூச்சு விடமாட்டோம். புது ஆளுக்கு முதலில் இதைத்தான் கற்றுக்கொடுப்போம், அடித்துக் கற்றுக்கொடுப்போம். சாத்தியாச்சு என்ற குரல் கேட்டதும் எல்லாரும் வாயை அகலத் திறந்து ஒரு பெரிய மூச்சு இழுப்போம் பாருங்கள், அந்தச் சுகத்துக்கு ஈடே கிடையாது. கதவு விழுந்த அதிர்ச்சியில் கயிற்றிலிருந்தும் துணியிலிருந்தும் வெள்ளைப் பஞ்சு கிளம்பி எங்களைச் சுற்றி மினுமினுவென்று இறங்குவதும் அந்த நேரத்தில்தான். நெருப்பு திறந்திருந்தபோது மூச்சை அடக்கினோம், பஞ்சு இறங்கும்போது நெஞ்சு கொள்ளுமட்டும் இழுத்தோம். இதை எங்களுக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. சொல்லத் தெரிந்தவர்கள் ஆபீஸ் கண்ணாடி அறையில் இருந்தார்கள்.

வக்கீல் ஜெசிந்தா எங்கள் ஊருக்கு வந்தது இந்தப் போசியைக் கேள்விப்பட்டுத்தான். ஸ்கூட்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடியே உள்ளே வந்து, போசிக்குள் பார்த்து, கொஞ்ச நேரம் விசிலைக் கேட்டுவிட்டு, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு மயிலாத்தாளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"அக்கா, இதுக்குப் பேரு கல்நார். கல்லுலேருந்து எடுக்கிற நாரு. நெஞ்சுக்குள்ள போனா வெளிய வராது. எரியாது, கரையாது. இந்த நோய் வேலையினால வந்ததுன்னா, வேலையில அடிபட்ட மாதிரிதான்னு சட்டத்திலேயே இருக்கு. இவங்களுக்கு இ.எஸ்.ஐ. பிடிச்சிருந்தா அந்த வழியில போயிருக்கலாம். அது இல்லாததால இழப்பீட்டு ஆணையர்கிட்ட மனு போடணும். வேலைக்கு வெச்ச கான்ட்ராக்டர் கையை விரிச்சா கம்பெனிதான் பதில் சொல்லணும்."

"கம்பெனி டாக்டரு டி.பி.ன்னு சொன்னாருங்களே?"

"அதைத்தான் பொய்யுன்னு நிரூபிக்கணும். அதுக்கு இதைவிட வேற என்ன வேணும்?" என்று போசியைக் காட்டினார்.

"காசுக்குங்களா?" என்றாள் மயிலாத்தாள்.

"காசும் வரும். ஆனா அதுக்கு மட்டும் இல்லைக்கா. இவரு ஜெயிச்சா, உயிரோட இருக்கிறவங்களும் கேட்கலாம். பரிசோதனை, வைத்தியம், நஷ்டஈடு எல்லாம்" என்று சொல்லி எங்களைத் திரும்பிப் பார்த்தார். வாசலில் வரிசையாக நின்றிருந்த நாங்கள், யார் முதலில் இருமுவது என்று அடக்கிக்கொண்டிருந்தோம்.

மயிலாத்தாளுக்குக் கம்பெனி மேல் கோபம் இருந்ததா என்று கேட்டால், எங்களுக்குத் தெரியாது. ஒன்று மட்டும் கேட்டாள்.

"எங்கூட்டுக்காரரை ஒண்ணும் பண்ணிப்போடமாட்டாங்கல்லோ?"

"நான் கூடவே இருக்கேன்கா" என்றார் ஜெசிந்தா.

விசாரணை கோயம்புத்தூரில் நடந்தது. ஆணையர் ஓய்வு பெறப்போகிற வயது, நல்ல மனுசன், மாத்திரை டப்பா மேசைமேலேயே இருக்கும். போசியை உலைத்துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு மயிலாத்தாள் பஸ்ஸில் போனாள். கண்டக்டர் அவளுக்கு ஒரு டிக்கெட்டும் போசிக்கு ஒரு டிக்கெட்டும் கிழித்தார். கம்பெனி வக்கீல் ரகோத்தமன் பளிச்சென்று இருந்தார், குரலை உயர்த்தவே மாட்டார். எழுந்து, மூச்சு உள்ள மனிதருக்கு மரண இழப்பீடு கேட்பது சட்டத்தில் எங்கே இருக்கிறது என்று பணிவாகக் கேட்டார்.

"ரொம்ப சந்தோசம்" என்றார் ஜெசிந்தா. "அப்ப நாளையிலேருந்து வேலைக்கு எடுத்துக்குங்க. மாசாமாசம் சம்பளம் குடுங்க. அவரு லீவே போடமாட்டாரு."

ஆணையர் மாத்திரை டப்பாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார். ரகோத்தமன் சிரிக்கவில்லை. அடுத்ததாக, இது வெள்ளிங்கிரியின் நுரையீரல்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார்.

"அவரு மூச்சு எனக்குத் தெரியாதுங்களா?" என்றாள் மயிலாத்தாள்.

"பெண்டாட்டிக்குத் தெரிஞ்சா போதாதும்மா. கோர்ட்டுக்குத் தெரியணும்."

அப்போதுதான் காளியண்ணன் பின்வரிசையிலிருந்து எழுந்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "ஐயா, நான் அவுங்க மேஸ்திரிங்க. ஒருக்கா கூப்புட்டுப் பாக்கட்டுங்களா?" என்றார். ஆணையர் தலையாட்டினார். காளியண்ணன் போசியின் மூடியைத் திறந்து வைத்து, நான்கு அடி பின்னால் போய், உலைக்கு முன்னால் நிற்கிற மாதிரி காலை அகட்டி நின்று, அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

"கதவேய்!"

போசிக்குள் மூச்சு நின்றது. சட்டென்று, பாதியில் நின்றது. நின்றது அது மட்டுமில்லை. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த நாங்கள் அத்தனை பேரும், யாரும் சொல்லாமலே, மூச்சைப் பிடித்துக்கொண்டோம். விசிறி மட்டும் சுற்றியது. ஆணையர் எங்கள் முகங்களைப் பார்த்தார், போசியைப் பார்த்தார், மறுபடி எங்களைப் பார்த்தார். எல்லார் கழுத்திலும் நரம்பு புடைத்துக்கொண்டு வந்தது. இனி சாத்தியாச்சு என்று சொல்ல வேண்டியதுதான். காளியண்ணன் வாயைத் திறந்தார். இருமல் வந்துவிட்டது. மேசையைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, கண்ணில் நீர் வழிய இருமுகிறார், குரல் எழும்பவில்லை, போசிக்குள் அசைவில்லை, எங்களுக்குக் கண் இருட்டுகிறது. நெஞ்சு வெடித்தாலும் குரல் வராமல் விடக்கூடாது என்பது எங்களுக்கு அடித்துச் சொல்லிக்கொடுத்த பாடம்.

மயிலாத்தாள்தான் கத்தினாள். உலைப்பக்கமே போகாதவள், புருசன் தூக்கத்தில் கத்திக் கேட்டே பழகியவள்.

"சாத்தியாச்சேய்!"

போசிக்குள்ளிருந்து விசிலோடு ஒரு நீண்ட மூச்சு வெளியே வந்தது. நாங்களும் வாயை அகலத் திறந்து இழுத்தோம். அந்த அறையில் அதற்குப் பிறகு யாரும் அத்தாட்சி கேட்கவில்லை.

ரகோத்தமன் கெட்டவர் இல்லை, கெட்டிக்காரர். மத்தியானம் மயிலாத்தாளைக் கூண்டில் நிறுத்தி, போசி சுற்றியிருந்த துணியை விரல்நுனியால் தொட்டுக் காட்டி, மெதுவாகக் கேட்டார்.

"இது என்னம்மா?"

"உலைத்துணிங்க."

"வீட்டில் எத்தனை வருசமா இருக்கு?"

"கண்ணாலமாகி வந்ததிலேருந்து இருக்குதுங்க. வருசாவருசம் குடுப்பாங்க. சாமி கும்புட்டுக் குடுக்கறதுங்க."

"எதுக்கெல்லாம் பயன்படுத்துவீங்க?"

"சட்டி எறக்குவமுங்க. இஸ்திரி போடுவமுங்க. தொவைச்சுக் காயப்போட்டு, ஒதறி, தொட்டில்ல விரிப்பமுங்க."

அது ஏதோ பழைய சாக்கு என்று அதுவரை நினைத்திருந்த ஜெசிந்தா சட்டென்று எழுந்தார். ரகோத்தமன் அதற்குள் முடித்துவிட்டார்.

"ஆக, அந்தக் கல்நார்த் தூசி கம்பெனியில மட்டும் இல்லை. உங்க வீட்டுக்குள்ளயும் இருந்திருக்கு. நீங்களே உதறியிருக்கீங்க, நீங்களே விரிச்சிருக்கீங்க. அப்படித்தானே?"

மயிலாத்தாள் துணியைப் பார்த்தாள்.

"இதுலயுங்களா?" என்றாள். "அவரைக் கொன்ன நாரு இதுலயும் இருக்குதுங்களா?"

தான் கேட்ட கேள்வி எங்கே போய் இறங்கியது என்று ரகோத்தமனுக்கும் அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும். மயிலாத்தாள் திரும்பி, எங்களுக்குப் பின்னால் சுவரோரமாக உட்கார்ந்திருந்த கோகிலாவைப் பார்த்தாள். கோகிலா கைக்குட்டையில் வாயைப் பொத்திக்கொண்டு, சத்தம் வராமல் இருமிக்கொண்டிருந்தாள்.

"இதுமேலதானுங்க எம்புள்ளையப் போட்டு வளத்தேன்" என்றாள் மயிலாத்தாள். "பல்லு மொளைக்கறப்ப கடிச்சாளுங்க. நல்லதுன்னு கடிக்க உட்டனுங்க."

இப்போது எழுதும்போதும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. நோயில் பாதி, இதில் பாதி. எங்கள் ஒவ்வொருத்தர் வீட்டிலும் அந்தத் துணி இருந்தது. ஒவ்வொருத்தர் வீட்டிலும் ஒரு தொட்டில் இருந்தது. பொரிகடலையோடு மடியில் கட்டி, பெருமையாகக் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் நாங்கள். அன்று பஸ்ஸில் திரும்பும்போது ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. காளியண்ணன் மட்டும், "என் பங்கையும் குடுத்தனே, என் பங்கையும் குடுத்தனே" என்று ஊர் வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

ஆணையர் நியாயமாகத்தான் உத்தரவு போட்டார். நுரையீரல் வெள்ளிங்கிரியுடையது என்பதில் தனக்குச் சந்தேகமில்லை. ஆனால் உள்ளே இருப்பது கல்நார்தானா என்பதை மருத்துவக் கல்லூரி சொல்ல வேண்டும். மருத்துவக் கல்லூரியில் ஒரு பெண் டாக்டர் போசிக்குள் பார்த்துவிட்டு மூடியை மறுபடி வைத்தார். வெட்டித்தான் பார்க்க வேண்டும் என்றார். வெட்டினால் மூச்சு நிற்கும். மூச்சு இருக்கும்போது வெட்டத் தனக்குக் கை வராது என்றும் சொன்னார்.

ஜெசிந்தா, வேண்டாம் என்றால் வேறு வழி பார்க்கலாம் என்றார். எக்ஸ்ரே இருக்கிறது, வாதாடிப் பார்க்கலாம், ஜெயிப்பது கஷ்டம். மயிலாத்தாள் அவரிடம் ஒன்றுதான் கேட்டாள்.

"வெட்டிப் பாத்து அந்த நாருதான்னு சொல்லிப்போட்டா, கோகிலாளையும் பாப்பாங்களா?"

"பார்க்க வைக்கலாம்கா. துணி போன அத்தனை வீட்டையும் பார்க்க வைக்கலாம். அதைக் கேட்டு இன்னொரு மனுவும் போடலாம். ஆனா அதுக்கு இது முதல்ல நிக்கணும்."

நாங்கள் நினைத்தோம், யோசிக்க ஒரு வாரமாவது கேட்பாள் என்று. ஊரில் அவளுக்கு இருந்த ஒரே சுகம் அந்த மூச்சு. அது போனால் பூ போகும், தாலி போகும், சங்கு ஊதும்போது அலமாரிப் பக்கம் திரும்பி, "எழுந்திரிச்சாச்சா மாமா?" என்று கேட்க ஆள் இருக்காது. அவள் யோசிக்கவில்லை. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்து பெஞ்சில் போசியை வைத்து, அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மூடியைத் திறந்தாள். காளியண்ணன் தயங்கித் தயங்கிக் கிட்டே போனார்.

"நான் கூப்புடறேன் அம்மிணி. உனக்கு எதுக்கு அந்தப் பாவம்?"

"வேண்டாமுங்ணா. உங்க கொரலுக்கு நின்னா வேலைன்னு நெனைச்சுக்குவாரு. நானே சொல்றேன்."

போசிக்குள் குனிந்தாள். வழக்கமாகப் பேசுகிற குரலில்தான் பேசினாள்.

"மாமா. புள்ளைக்காவத்தான். நாம ரண்டு பேரும் தெரியாமப் பண்ணிப்போட்டோம். நீங்க கொஞ்சம் புடிச்சுக்குங்க. நான் சொல்றவரைக்கும் உட்டுராதீங்க."

பிறகு நிமிர்ந்து, "கதவேய்" என்றாள். கத்தக்கூட இல்லை.

மூச்சு நின்றது. தாழ்வாரத்தில் நின்ற நாங்களும் பிடித்துக்கொண்டோம். எங்களால் முடிந்தவரை பிடித்தோம். ஒவ்வொருத்தராக விட்டோம், வெட்கத்தோடு விட்டோம். வெள்ளிங்கிரி விடவில்லை. பெஞ்சில் வரிசைக்குக் காத்திருந்த நோயாளிகள் என்ன என்று எட்டிப் பார்த்தார்கள். மயிலாத்தாள் தலையிலிருந்த மல்லிகைச் சரத்தை உருவி, போசி மூடியின் மேல் வைத்து, டாக்டர் கையில் கொடுத்தாள்.

வெட்டிய கத்தி மழுங்கிவிட்டது என்று பிறகு அந்த டாக்டர் சாட்சி சொல்லும்போது சொன்னார். கல்நார்தான். அடுக்கு அடுக்காக, நெய்தது மாதிரி இருந்ததாம். ஆணையர் கம்பெனிக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார். கம்பெனி மேல்கோர்ட்டுக்குப் போயிருக்கிறது, போகட்டும். எங்கள் கேஸ்கள் ஒவ்வொன்றாக வரிசைக்கு வந்துவிட்டன. ஒன்றிரண்டு பேர் கேஸ் வரும்வரை காத்திருக்கவில்லை, அவர்களுக்கும் தகன மேடையில் அந்தோணி இரண்டாவது சிலிண்டர் மாற்றினான், ஒன்றும் மிச்சப்படவில்லை. அப்படி ஒரு மூச்சு வெள்ளிங்கிரிக்கு மட்டும்தான் இருந்தது. ரேசன் கடையில் அவர் பங்கு அரிசி நின்றது. இறப்புச் சான்றிதழைக் கிராம நிர்வாக அலுவலரே வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார், இந்த முறை மோர் கேட்கவில்லை. உலைத்துணிகளை எல்லாம் ஈரமாக்கி, பையில் கட்டி, முகமூடி போட்ட ஆட்கள் வந்து எடுத்துப்போனார்கள். முப்பது வருசமாக நாங்கள் வெறும் முகத்தோடு தொட்டதை அவர்கள் தூர நின்று இடுக்கியால் எடுத்ததைத் தெருவே நின்று பார்த்தது.

கோகிலாவுக்குப் படம் எடுத்தார்கள். இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை, வருசாவருசம் வந்து காட்ட வேண்டும், இது இருபது முப்பது வருசம் உள்ளேயே இருந்துவிட்டு வெளியே வருகிற நோய் என்று டாக்டர் சொன்னார். கோகிலாவுக்கு இருபத்தேழு வயசு.

வெட்டியது போக மீதியை ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுத்தார்கள். மயிலாத்தாள் அதை அதே போசியில் வாங்கிக்கொண்டாள். எரிக்க முடியாது என்று தெரியும், அதனால் பவானி கூடுதுறைக்குக் கொண்டுபோனோம். வேன் பிடித்து எல்லாரும் போனோம். ஆற்றில் தண்ணீர் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. மயிலாத்தாள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினாள், பின்னாலேயே அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கோகிலாவும் இறங்கினாள். நாங்கள் படியில் நின்றோம். போசியைச் சாய்த்து எல்லாவற்றையும் தண்ணீரில் விட்டாள் மயிலாத்தாள். வெள்ளையாகக் கொஞ்ச தூரம் போனது. முழுகவில்லை, மிதக்கவுமில்லை, காத்துக்கொண்டிருக்கிற மாதிரி அங்கேயே நின்றது. நான் சொல்கிறவரைக்கும் விட்டுவிடாதீர்கள் என்று சொல்லியிருந்தாள் அல்லவா?

அவள் கையைத் தூக்கி, எங்கள் மேஸ்திரியைவிடச் சத்தமாகக் கூப்பிட்டாள்.

"சாத்தியாச்சேய்! மாமா, சாத்தியாச்சு!"

தண்ணீருக்குள்ளிருந்து ஒரு மூச்சு வந்தது. அத்தனை மாதமாகப் பிடித்து வைத்திருந்த மூச்சு, நீளமாக, நிதானமாக, கடைசியில் அந்த விசிலோடு வந்து முடிந்தது. வெள்ளை கலைந்து தண்ணீரோடு போனது. படியில் நின்ற நாங்கள் அழுதோம், வெட்கப்படாமல் அழுதோம்.

அம்மாவுக்குப் பின்னால் நின்ற கோகிலாவும், தன்னை அறியாமல் பிடித்து வைத்திருந்த மூச்சை அப்போதுதான் விட்டாள். மயிலாத்தாள் போசியை நழுவவிட்டாள். சட்டென்று திரும்பி, மகளை இழுத்து, ஈரச் சேலையோடு அவள் நெஞ்சில் காதை வைத்தாள். மறுபடி விடச் சொன்னாள். கோகிலா இழுத்து, மெல்ல விட்டாள். ஆற்று இரைச்சலில் எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. மூச்சு இறங்கி முடிகிற இடத்தில் மயிலாத்தாளுக்குக் கேட்டது.